தங்கும் அறை வாடகை: ஏ.ஐ.எஸ். காட்டுவது 6,40,000, வங்கிக்கு வந்தது 5,23,740. எந்தப் படிவத்தில் எதை எழுத வேண்டும்?

முக்கடல் டீச்சர்
3 ஆகஸ்ட் 2025

அனைவருக்கும் வணக்கம். நான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள், வயது 63. கன்னியாகுமரியிலிருந்து கோவளம் போகும் சாலையை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. கீழ்த்தளத்தில் நான் குடியிருக்கிறேன். ஓய்வூதியப் பணத்தில் மேலே இரண்டு அறைகளும் தனிப் படிக்கட்டும் கட்டி, 2024 ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஓர் இணையத் தளத்தின் வழியாகச் சுற்றுலா வருவோருக்கு நாள் வாடகைக்கு விட்டு வருகிறேன்.

கோடை விடுமுறையில் ஓரளவு கூட்டம் இருந்தது. கார்த்திகையில் ஐயப்ப பக்தர்களின் வரவு தொடங்கியதும், டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டதும் அறைகள் காலியாக இருந்த நாட்களே குறைந்துவிட்டன. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். கலக்கம் இப்போது கணக்குத் தாக்கல் செய்ய உட்கார்ந்தபோதுதான் வந்தது.

வருமான வரி இணையதளத்தில் ஏ.ஐ.எஸ். என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து பார்த்தால், 194-ஓ என்ற பிரிவின் கீழ் எனக்கு 2024–25இல் 6,40,000 ரூபாய் வந்ததாகவும், அதில் 2,980 ரூபாய் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடிக்கப்பட்டதாகவும் இருக்கிறது. என் வங்கிப் புத்தகத்தைப் பத்துத் தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன். தளத்திலிருந்து வந்தது 5,23,740 மட்டுமே. வராத பணத்துக்கு நான் வரி கட்ட வேண்டுமா? டி.டி.எஸ். ஒரு சதவீதம் என்றார்கள். 6,40,000க்கு 2,980 எந்தக் கணக்கிலும் ஒரு சதவீதமாக வரவில்லை. இவை தவிர, முன்பு வந்து தங்கியவர்கள் மறுமுறை நேரடியாகத் தொலைபேசியில் கேட்டு வந்த வகையில் 70,000 ரூபாய் இருக்கிறது, அது ஏ.ஐ.எஸ். அறிக்கையில் இல்லை. ஓய்வூதியம் ஆண்டுக்கு 4,20,000. இதுவரை ஐ.டி.ஆர்-1 என்ற எளிய வருமான வரிப் படிவத்தைத்தான் தாக்கல் செய்து வந்தேன்.

தளத்தின் உதவிப் பக்கத்தில் 1099-கே என்ற படிவத்தைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். அதையும் நான் நிரப்ப வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


தக்கலை வரிக்கணக்கர்
3 ஆகஸ்ட் 2025

டீச்சர், வணக்கம். நீங்கள் கூட்டியதில் பிழையில்லை, ஏ.ஐ.எஸ். காட்டுவதிலும் பிழையில்லை. இரண்டும் வெவ்வேறு தொகைகள்.

194-ஓ பிரிவு 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இணையத் தளம் தன் வழியாக நடக்கும் விற்பனைக்கோ சேவைக்கோ விற்பவரின் மொத்தத் தொகையின் மீது டி.டி.எஸ். பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். இங்கே ‘மொத்தம்’ என்ற சொல்தான் முக்கியம். விருந்தினர் உங்கள் அறைக்காகக் கொடுத்த முழுத் தொகையையே அது குறிக்கிறது. தளம் தன் கமிஷனைக் கழித்துக்கொண்டு உங்களுக்கு அனுப்பிய மிச்சத்தை அல்ல. உங்கள் தளம் 15 சதவீதம் கமிஷன் எடுப்பதாக வைத்துக்கொண்டால் 96,000. அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 17,280, டி.டி.எஸ். 2,980. மூன்றையும் 6,40,000இலிருந்து கழித்துப் பாருங்கள். சரியாக 5,23,740 வருகிறது. ஆகவே பணம் எங்கும் காணாமல் போகவில்லை.

டி.டி.எஸ். விகிதத்தில் நீங்கள் கண்ட குழப்பத்துக்குக் காரணம், ஒரே நிதியாண்டில் இரண்டு விகிதங்கள் இருந்ததுதான். 2024 செப்டம்பர் 30 வரை ஒரு சதவீதம். அக்டோபர் 1 முதல் அது 0.1 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உங்கள் மொத்தம் 2,60,000 ஆகவும், சீசன் வந்த பின்பாதியில் 3,80,000 ஆகவும் இருந்திருந்தால், 2,600 ரூபாயும் 380 ரூபாயும் சேர்ந்து 2,980 ஆகிறது. ஏ.ஐ.எஸ். அறிக்கையில் அந்த வரியை விரித்தால் காலாண்டு வாரியாகத் தெரியும், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தளம் ஒவ்வொரு காலாண்டுக்கும் படிவம் 16ஏ என்ற சான்றிதழையும் தர வேண்டும். அதைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பான் எண்ணைக் கொடுத்துள்ள தனிநபருக்கு ஆண்டு மொத்தம் 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 194-ஓ பிடித்தம் இல்லை. பான் கொடுக்காதவர்களுக்கு 5 சதவீதம் பிடிப்பார்கள். பிடித்தம் இல்லை என்பதாலேயே வருமானம் இல்லை என்றாகிவிடாது என்பதை 5 லட்சத்துக்குக் கீழ் இருக்கும் மற்ற நண்பர்களும் மனத்தில் கொள்ள வேண்டும். அதே காரணத்தால் உங்கள் நேரடி வரவு 70,000 ரூபாயையும் அறிக்கையில் இல்லாவிட்டாலும் சேர்த்தே காட்ட வேண்டும்.

எந்தப் படிவம் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் முன் இரண்டு விவரங்கள் தேவை. அறையை மட்டும் கொடுக்கிறீர்களா, அதோடு வேறு சேவைகளும் உண்டா? விவசாய வருமானம் ஏதேனும் இருக்கிறதா?


திற்பரப்பு வீடு
4 ஆகஸ்ட் 2025

டீச்சர், உங்கள் கேள்வியைப் படித்தபோது சென்ற ஆண்டு நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. அருவிக்குப் பக்கத்தில் எனக்கு மூன்று அறைகள் இருக்கின்றன. 2023–24க்கு ஒரு கணினி மையத்தில் வங்கிப் புத்தகத்தைக் கொடுத்துக் கணக்குத் தாக்கல் செய்தேன். வங்கிக்கு வந்த 6,75,000 ரூபாயை மட்டும் வரவாக எழுதிவிட்டு, வரிப் பிடித்தங்களைக் காட்டும் 26ஏ.எஸ். அறிக்கையில் இருந்த டி.டி.எஸ். முழுவதையும் திரும்பக் கேட்டுவிட்டார்கள். 26ஏ.எஸ்-ல் மொத்தம் 8,20,000 ஆக இருந்தது.

சில மாதங்களில் 139(9) பிரிவின் கீழ் ‘குறைபாடுள்ள கணக்கு’ என்று மின்னஞ்சல் வந்தது. நான் பிடித்தத்தைக் கோரிய வரவின் அளவைவிட என் கணக்கின் எல்லாத் தலைப்புகளிலும் காட்டிய மொத்த வரவு குறைவாக இருக்கிறது என்பதே அதன் சாரம். பதினைந்து நாட்களுக்குள் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் கணக்கே தாக்கல் ஆகாததாகக் கருதப்படும் என்று எழுதியிருந்ததைப் படித்து இரண்டு நாள் தூக்கமில்லை. பிறகு ஒரு பட்டயக் கணக்கரிடம் போய், மொத்தத்தை வரவாகவும் கமிஷனைச் செலவாகவும் எழுதிச் சரிசெய்தோம். நிகர வருமானம் அதேதான். எழுதிய முறைதான் தவறு.

இன்னொரு விஷயமும் அப்போதுதான் தெரிந்தது. தளத்தில் பதிவு செய்துவிட்டு, இங்கே வந்து கையில் பணம் கொடுத்த விருந்தினர்களின் தொகையும் 26ஏ.எஸ்-ல் இருந்தது. தளம் ஏற்பாடு செய்த சேவைக்கு வாடிக்கையாளர் நேராகக் கொடுத்த பணத்தையும் தளமே கொடுத்ததாகக் கொள்ள வேண்டும் என்று 194-ஓவில் இருக்கிறதாம். எனவே வங்கிப் புத்தகத்தை மட்டும் நம்பி யாரும் கணக்கு எழுத வேண்டாம். தளத்தில் ஆண்டு வருவாய் அறிக்கை என்று ஒன்று பதிவிறக்கம் ஆகும். அதில் ஒவ்வொரு விருந்தினருக்கும் எவ்வளவு மொத்தம், எவ்வளவு கமிஷன் என்று இருக்கும். அதை ஏ.ஐ.எஸ். அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.


மணக்குடி – நியூஜெர்சி
4 ஆகஸ்ட் 2025

1099-கே பற்றி மட்டும் நான் சொல்கிறேன், டீச்சர். அது பணப் பரிவர்த்தனைத் தளங்கள் அமெரிக்க வரித்துறைக்குக் கொடுக்கும் படிவம். அமெரிக்காவில் வரி செலுத்துவோருக்கானது. கன்னியாகுமரியில் இருக்கும் வீட்டை இந்தியக் குடியிருப்பாளர் ஒருவர் வாடகைக்கு விடுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அதை நிரப்புவது தளத்தின் வேலை. வீட்டுக்காரர் தன் கணக்கில் அந்தத் தொகையைக் காட்டுவதோடு சரி.

நான் இங்கே வீட்டின் ஒரு பகுதியை விருந்தினருக்கு விடுவதால் அந்தப் படிவத்தை நன்றாக அறிவேன். 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதன் வரம்பை 600 டாலராகக் குறைத்தது. வரித்துறை அதை நடைமுறைப்படுத்தாமல் ஆண்டுதோறும் தள்ளிப்போட்டது. கடந்த ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் பழைய வரம்பையே திரும்பக் கொண்டுவந்துவிட்டது: 20,000 டாலருக்கு மேல், அதோடு 200 பரிவர்த்தனைகளுக்கும் மேல். அந்தப் படிவத்திலும் மொத்தத் தொகைதான் இருக்கும். தளத்தின் கட்டணம் கழிக்கப்பட்டிருக்காது. எனக்கும் முதல் ஆண்டில் உங்களைப் போன்றே திகைப்பு ஏற்பட்டது.

தக்கலை அண்ணன் கேட்ட கேள்வி இங்கேயும் உண்டு என்பதைக் குறிப்பிட வேண்டும். வெறும் அறை வாடகை என்றால் அட்டவணை ஈ. விருந்தினரின் வசதிக்காகக் கணிசமான சேவைகளும் செய்தால் அது தொழிலாகி, அட்டவணை சி-யில் போகிறது.


முக்கடல் டீச்சர்
5 ஆகஸ்ட் 2025

மூவருக்கும் மிக்க நன்றி. தளத்தின் ஆண்டு அறிக்கையைப் பதிவிறக்கிப் பார்த்தேன். கமிஷன் 96,000, அதன் ஜி.எஸ்.டி. 17,280 என்று அப்படியே இருக்கிறது. மனம் பாதி இலகுவாயிற்று.

கேட்ட விவரங்கள் இவை. விருந்தினர் பெரும்பாலும் ஓர் இரவு, மிஞ்சினால் இரண்டு இரவு தங்குகிறார்கள். ஒவ்வொருவர் போனதும் அறையைத் துடைத்து, விரிப்பும் துண்டும் மாற்ற ஓர் அம்மா வருகிறார். அவருடைய சம்பளமும் துணி வெளுப்பதும் சேர்த்து ஆண்டுக்கு 84,000. காலையில் புட்டும் கடலையும், அல்லது இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொடுக்கிறேன்; அது வாடகையிலேயே அடங்கும். அதற்கான சாமான் செலவு 40,000. மாடிக்குத் தனி மின் இணைப்பு. மின்சாரமும் இணையமும் 48,000. பழுதுபார்த்தது 30,000. மாடிக்கான வீட்டு வரி 4,200. எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதியிருக்கிறேன். வகுப்பு வருகைப் பதிவேடு எழுதிய கை, விடவில்லை.

நேரடியாக வந்த 70,000 ரூபாயில் 50,000 யு.பி.ஐ. வழியாகவும் 20,000 ரொக்கமாகவும் வந்தன. அஞ்சுகிராமம் பக்கத்தில் எனக்குத் தென்னந்தோப்பு உண்டு. செலவு போகத் தேங்காய் விற்றதில் 48,000 நின்றது. அதற்கும் இந்த அறைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்கவில்லை.


தக்கலை வரிக்கணக்கர்
6 ஆகஸ்ட் 2025

சம்பந்தம் இருக்கிறது, டீச்சர். நம் மாவட்டத்தில் பலர் தவறான படிவத்தைப் போடுவதே இந்த இடத்தில்தான். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐ.டி.ஆர்-1உம் போட முடியாது, ஐ.டி.ஆர்-4உம் போட முடியாது. தென்னையும் ரப்பரும் வாழையும் இல்லாத வீடு இங்கே குறைவு. ஆனாலும் ‘விவசாயத்துக்கு வரி இல்லை’ என்று எண்ணி அதைக் காட்டாமலே விட்டுவிடுகிறார்கள். வரி இல்லை என்பது உண்மை. ஆனால் மற்ற வருமானத்துக்கான விகிதத்தைக் கணக்கிடும்போது அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆகவே உங்களுக்கு மிஞ்சுவது ஐ.டி.ஆர்-2 அல்லது ஐ.டி.ஆர்-3. வாடகையை வீட்டுச் சொத்து வருமானமாகக் காட்டினால் 2. தொழில் வருமானமாகக் காட்டினால் 3.

எது சரி என்பதில்தான் சிந்திக்க வேண்டியிருக்கிறது. 2024ஆம் ஆண்டின் இரண்டாவது நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 28ஆம் பிரிவில் ஒரு விளக்கத்தைச் சேர்த்தது. குடியிருப்பு வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ உரிமையாளர் வாடகைக்கு விடுவதால் வரும் வருமானத்தைத் தொழில் வருமானமாகக் காட்டக் கூடாது, வீட்டுச் சொத்து வருமானமாகவே காட்ட வேண்டும் என்கிறது அது. நீங்கள் இப்போது தாக்கல் செய்யும் 2025–26 மதிப்பீட்டு ஆண்டுதான் (2024–25 வருமானத்துக்குரியது) அதற்கு முதல் ஆண்டு. மாத வாடகைக்கு வீடு விட்டுவிட்டு, அதைத் தொழிலாகக் காட்டிச் செலவுகளைக் கழித்தவர்களைத் தடுப்பதே அதன் நோக்கம்.

உங்கள் நிலை அதுவல்ல என்பது என் கருத்து. உங்கள் விருந்தினருக்குக் குடியிருக்கும் உரிமை எதுவும் கிடைப்பதில்லை. ஓர் இரவு தங்க அனுமதியும், சுத்தமான படுக்கையும், காலைச் சாப்பாடும் சேர்ந்த ஒரு சேவைக்கே அவர் பணம் கொடுக்கிறார். வாடகைக்கு விடுவது சொத்தை அனுபவிப்பதா, தொழில் நடத்துவதா என்பதை ஒவ்வொரு நிகழ்வின் சூழ்நிலையையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்று சுல்தான் பிரதர்ஸ் வழக்கில் பல ஆண்டுகளுக்கு முன்பே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள். உங்கள் மொத்த வரவு 20 லட்சத்துக்குக் கீழ் இருப்பதால் நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை, ஆனால் ஜி.எஸ்.டி. சட்டம் 9(5) பிரிவின்படி 2024–25இல் விருந்தினரிடமிருந்து 12 சதவீத வரியைத் தளமே வசூலித்துக் கட்டியது. அது ‘விடுதி, விருந்தினர் இல்லம் போன்றவற்றில் தங்குமிடச் சேவை’ என்ற வகையில் கட்டப்படுகிறது. குடியிருக்க வீட்டை வாடகைக்கு விடுவது வேறு வகை.

இப்போது எண்களைப் பாருங்கள். மொத்த வரவு 7,10,000. வீட்டுச் சொத்து என்று கொண்டால், வீட்டு வரி 4,200 போக எஞ்சும் 7,05,800இல் 30 சதவீதம் நிலையான கழிவு. வேறு எந்தச் செலவும் கழியாது. வருமானம் 4,94,060. தொழில் என்று கொண்டால், கமிஷன் உட்பட உங்கள் நோட்டில் உள்ள செலவுகள் 3,19,480 போக 3,90,520.

மூன்றாவது வழி ஒன்றை உங்களிடம் பலர் சொல்லக்கூடும். 44ஏ.டி. பிரிவின்படி வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதமும் ரொக்கத்தில் 8 சதவீதமும் மட்டும் லாபமாகக் காட்டலாம். அப்படிப் பார்த்தால் 43,000 ரூபாய்தான் வருகிறது. சட்டத்தில் அந்த வழி இருக்கிறது. ஆனால் புதிய விளக்கம் உங்களுக்குப் பொருந்துமா என்பதே விவாதத்துக்கு உரியதாக இருக்கும் இந்த முதல் ஆண்டில், நோட்டு 3,90,520 காட்டும்போது 43,000 என்று எழுத நான் துணிய மாட்டேன். துறை நாளை இதை வீட்டுச் சொத்து என்று மாற்றினால் இடைவெளி நாலரை லட்சமாகிவிடும். குறைத்துக் காட்டிய வருமானத்துக்குரிய வரியில் பாதியை 270ஏ பிரிவின்கீழ் அபராதமாக விதிக்கவும் முடியும்.


வடசேரி பழைய ஆடிட்டர்
6 ஆகஸ்ட் 2025

தக்கலைத் தம்பியின் விளக்கம் தெளிவாக இருக்கிறது; ஆனால் முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. புதிய விளக்கத்தில் ‘குடியிருப்பு வீடு அல்லது அதன் ஒரு பகுதி’ என்றே இருக்கிறது. நாள் வாடகை, மாத வாடகை என்ற பாகுபாடு இல்லை, சேவை உண்டா என்ற கேள்வியும் இல்லை. டீச்சர் குடியிருக்கும் வீட்டின் மாடி அது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் வகைப்பாட்டை வருமான வரிச் சட்டத்துக்குள் கொண்டுவர முடியாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாம் இந்த விளக்கம் வருவதற்கு முந்தியவை.

வீட்டுச் சொத்து என்று காட்டினால் வரி எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வூதியத்தில் 75,000 கழிவு போக 3,45,000. அதோடு 4,94,060 சேர்ந்து 8,39,060. புதிய வரி முறையில், தேங்காய் வருமானத்தையும் விகிதத்துக்குச் சேர்த்துப் பார்த்தால், செஸ் என்ற கூடுதல் வரி உட்பட 37,758 ரூபாய். பிடித்தது போக 34,778 கட்ட வேண்டும். தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமகள் என்பதால் முன்வரி (ஆண்டு முடியும் முன்பே தவணையாகக் கட்டும் வரி) கட்டாததற்கு வட்டி வராது. தொழில் என்று காட்டினால் அந்தச் சலுகை போய்விடும். கணக்குப் புத்தகங்களும் எழுதியாக வேண்டும். 63 வயதில் விவாதத்துக்கு உரிய நிலையை எடுத்துக்கொண்டு அலைய வேண்டுமா என்பதை டீச்சர் யோசிக்கட்டும்.


தக்கலை வரிக்கணக்கர்
7 ஆகஸ்ட் 2025

ஐயா சொல்லும் எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். சொற்களை மட்டும் பார்த்தால் அவர் வாசிப்புக்கும் இடம் இருக்கிறது. ஆனால் ‘வாடகைக்கு விடுவது’ என்ற சொல்லுக்குள் விருந்தோம்பல் சேவை முழுவதும் அடங்கிவிடும் என்று கொண்டால், வீட்டோடு இணைந்த எந்தச் சிறு விடுதிக்காரரும் துடைக்கும் அம்மாவின் சம்பளத்தைக்கூடக் கழிக்க முடியாமல் போகும். சட்டத்தின் நோக்கம் அதுவாக இருக்க முடியாது.

நேற்றைய கணக்கில் நான் ஒன்றைச் சேர்க்கவில்லை. தொழில் என்று காட்டுபவர் கட்டடத்துக்குத் தேய்மானம் (பழசாவதால் ஆண்டுதோறும் குறையும் மதிப்பு) கழிக்க வேண்டும். டீச்சர், மாடி கட்டிய செலவுக்கு ரசீது இருக்கிறதா?


முக்கடல் டீச்சர்
8 ஆகஸ்ட் 2025

இருக்கிறது. சிமெண்ட், கம்பி, மணல், கொத்தனார், ஆசாரி, மின்வேலை என்று தனித்தனியாக ஒரு கோப்பில் கட்டி வைத்திருக்கிறேன். பெரும்பகுதி காசோலையில் கொடுத்தது. மொத்தம் 11,60,000. 2024 ஏப்ரல் மத்தியில் வேலை முடிந்தது. அந்த மாதக் கடைசியில் முதல் விருந்தினர் வந்தார். மாடியில் நாங்கள் ஒருநாளும் குடியிருந்ததில்லை.


தக்கலை வரிக்கணக்கர்
8 ஆகஸ்ட் 2025

அந்தக் கோப்பைப் பத்திரமாக வையுங்கள். குடியிருப்புக் கட்டடத்துக்குத் தேய்மானம் 5 சதவீதம். விடுதிக் கட்டடத்துக்கு 10 சதவீதம் உண்டு. விவாதத்துக்கு உரிய ஆண்டில் குறைந்த விகிதத்தையே எடுப்போம். 11,60,000இல் 5 சதவீதம் 58,000. தொழில் வருமானம் 3,32,520 ஆகிறது. ஓய்வூதியத்தோடு சேர்த்தால் மொத்த வருமானம் 6,77,520. 2024–25க்குப் புதிய வரி முறையில் 7 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி உண்டு என்பதால் உங்களுக்கு வரியே வராது. முன்வரி வட்டியும் எழாது. பிடித்த 2,980 திரும்ப வரும்.

வடசேரி ஐயா சொன்னதைப் புறந்தள்ளாமல் ஒன்று சொல்கிறேன். ஒரு வழியில் 37,758 வரியும் மறுவழியில் ஒன்றுமே இல்லை என்பதும் பெரிய வித்தியாசம்; நாளை கேள்வி வந்தால் பதில் சொல்ல ஆதாரம் வேண்டும். துடைக்கும் அம்மாவுக்குக் கொடுத்த சம்பளத்துக்கு மாதந்தோறும் கையெழுத்து, காலைச் சாப்பாடு வாடகையில் அடங்கும் என்று தளத்தில் நீங்கள் போட்டிருக்கும் விளம்பரத்தின் நகல், தங்கியவர்களின் பதிவேடு ஆகிய மூன்றும்தான் ‘இது சேவை, வெறும் வாடகை அல்ல’ என்பதற்குச் சாட்சி. ஒருமுறை தொழில் என்று காட்டிவிட்டு, அடுத்த ஆண்டு வசதியைப் பார்த்து வீட்டுச் சொத்து என்று மாற்றவும் கூடாது.


குளச்சல் தம்பி
10 ஆகஸ்ட் 2025

இடையில் ஒரு கேள்வி கேட்பதற்குப் பொறுத்தருள வேண்டும். முட்டம் பக்கத்தில் இருக்கும் வீடு என் அண்ணன் பெயரில் இருக்கிறது. அவர் பஹ்ரைனில் வேலை பார்க்கிறார். தளத்தில் கணக்கும் பான் எண்ணும் என்னுடையவை. பணம் என் வங்கிக்கு வருகிறது. நான் மாதந்தோறும் அண்ணன் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். டி.டி.எஸ். என் பெயரில் விழுந்திருக்கிறது. யார் கணக்குக் காட்ட வேண்டும்?


தக்கலை வரிக்கணக்கர்
10 ஆகஸ்ட் 2025

தம்பி, இப்போதைய ஏற்பாட்டில் வருமானம் உங்கள் அண்ணனுடையது. பிடித்தமோ உங்கள் பெயரில் இருக்கிறது. வருமானம் ஒருவருக்கும் பிடித்தம் இன்னொருவருக்கும் விழுந்தால், விதி 37பிஏ(2)இன் கீழ் தளத்துக்கு உறுதிமொழி கொடுத்து, பிடித்தத்தை உரியவர் பெயருக்கு மாற்றச் சொல்லலாம். அண்ணன் வெளிநாடு வாழ்பவர் என்பதையும் தளத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 194-ஓ இந்தியக் குடியிருப்பாளர்களுக்கு மட்டுமே உரியது, வெளிநாடு வாழ்பவருக்குக் கொடுக்கும் தொகைக்கு 195ஆம் பிரிவு பொருந்தும்.

வீட்டை அண்ணனிடமிருந்து நீங்கள் ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்து, அறை விடுவதை உங்கள் தொழிலாகவே நடத்துவது வேறு ஏற்பாடு. அப்போது நீங்கள் உரிமையாளர் அல்லர் என்பதால், டீச்சருக்கு எழுந்த 28ஆம் பிரிவுக் குழப்பம் உங்களுக்கு இல்லை. ஆனால் அண்ணனுக்குக் கொடுக்கும் வாடகையில் 195இன் படி, செஸ் சேர்த்து 31.2 சதவீதத்தை நீங்கள் பிடித்துக் கட்ட வேண்டும். அண்ணன் தம்பி என்பதால் அது தளராது. அண்ணனிடம் பேசி, எந்த ஏற்பாடு என்று முதலில் முடிவு செய்யுங்கள். எழுத்தில் இல்லாத ஏற்பாட்டை எந்தப் படிவத்திலும் காட்ட முடியாது.


முக்கடல் டீச்சர்
19 ஆகஸ்ட் 2025

இரண்டு நாள் யோசித்து, கோப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் ஒரு பட்டயக் கணக்கரை நேரில் பார்த்தேன். வடசேரி ஐயா சொன்ன வாதத்தையும் தக்கலைத் தம்பி சொன்ன வாதத்தையும் அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, காலைச் சாப்பாட்டுச் செலவையும் சம்பளக் கையெழுத்துகளையும் பார்த்த பிறகு, தொழில் வருமானமாக ஐ.டி.ஆர்-3இல் காட்டலாம் என்றார். மொத்தம் 7,10,000 வரவாகவும், கமிஷன் தனிச் செலவாகவும் எழுதினோம். டி.டி.எஸ். அட்டவணையில் இந்த ஆண்டு பிரிவு எண்ணையும் கேட்கிறார்கள். 194-ஓ என்று தேர்ந்தெடுத்தோம். தேங்காய் வருமானம் 48,000 ரூபாயையும் அதற்குரிய அட்டவணையில் காட்டினோம். செப்டம்பர் 15 வரை நீட்டித்திருப்பதால் தாமதக் கட்டணம் எதுவும் இல்லை.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. மார்ச் 31 இரவு தங்கிய ஒரு குடும்பத்தின் 4,200 ரூபாய் எனக்கு ஏப்ரல் 2 அன்றுதான் வங்கிக்கு வந்தது. தளத்தின் ஆண்டு அறிக்கையில் அது மார்ச்சில் இருக்கிறது, ஏ.ஐ.எஸ். அறிக்கையின் 6,40,000இலும் அடங்கியிருக்கிறது. நான் கூட்டிய 5,23,740இலும் அதைச் சேர்த்திருந்தேன். அதை இந்த ஆண்டுக் கணக்கிலேயே விட்டுவிட்டோம். அது சரிதானா?


தக்கலை வரிக்கணக்கர்
19 ஆகஸ்ட் 2025

சரிதான், டீச்சர். உங்கள் பெயரில் வரவு வைப்பது, பணம் கொடுப்பது ஆகிய இரண்டில் எது முந்துகிறதோ அப்போதே தளம் பிடித்தம் செய்ய வேண்டும். அது மார்ச்சில் நடந்திருக்கிறது, விருந்தினர் தங்கியதும் மார்ச்சில்தான். அடுத்த ஆண்டு வங்கிப் புத்தகத்தைப் பார்த்து எழுதும்போது அந்த 4,200 மறுபடி நுழைந்துவிடாமல், நோட்டில் ஏப்ரல் 2 வரிக்கு எதிரே ‘சென்ற ஆண்டில் சேர்த்தாயிற்று’ என்று இப்போதே எழுதி வையுங்கள். கணக்கைத் தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்த்தும் விடுங்கள். அதைச் செய்யாவிட்டால் இவ்வளவு பாடுபட்டு எழுதிய கணக்கு உரிய தேதியில் தாக்கல் ஆனதாகக் கருதப்படாது.


முக்கடல் டீச்சர்
19 ஆகஸ்ட் 2025

எழுதிவிட்டேன், தம்பி. சரிபார்ப்பும் இன்று காலையிலேயே முடிந்துவிட்டது. ஒப்புகைச் சீட்டை அச்செடுத்துக் கட்டட ரசீதுக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.